கடற்கரை ஸ்பாவில் ஒரு நாள்: பில் ரூ.9,912, அதுக்கு அப்புறம் வந்த கணக்கு



ஜனவரியில, பொங்கலுக்கு முந்தின வாரம், ஒரு வியாழக்கிழமை நான் லீவு போட்டேன். ஆபீஸ்ல ஆர்ட்டிக்கிள்ஷிப் பண்ற பசங்க நம்பவே இல்ல. "மேடம், உடம்பு சரியில்லையா?"ன்னுதான் கேட்டாங்க. உடம்பு சரியில்லாம போனாலும் லேப்டாப்போட உட்கார்ற ஆள் நான்னு அவங்களுக்குத் தெரியும்.

லீவு போட வெச்சது என் தம்பி. அவனுக்கு 26 வயசு, ஐடி கம்பெனியில வேலை, நாலு வருஷ அனுபவம். ஆடிட் சீசன் முழுக்க நான் கழுத்தைப் பிடிச்சுக்கிட்டே திரிஞ்சதைப் பார்த்துட்டு, "அக்கா, ஒரு நாள் எனக்குக் குடு. மாமல்லபுரம் பக்கத்துல ஒரு சின்ன ஹோட்டல், பீச் ஓரமா இருக்கு. மசாஜ், ஸ்டீம், சாப்பாடு எல்லாம் என் செலவு"ன்னான். காசைப் பத்தி நான் பேச ஆரம்பிக்கிறதுக்குள்ள, "என் செலவுன்னு சொல்லிட்டேன்ல?"ன்னு வாயை அடைச்சுட்டான்.

அந்த ஒரு நாள்ல நடந்ததை இங்க எழுதறதுக்கு அவன்கிட்ட பர்மிஷன் வாங்கிட்டேன். "என் பேரைப் போடாம எழுது, என்னை மாதிரி நிறைய பேர் இருக்காங்க"ன்னு சொன்னான். உண்மைதான். அதனால இதை உங்களைப் பத்தினதாவே நினைச்சுப் படிங்க.

புக் பண்றதுக்கு முன்னாடி ஃபோன்ல கேட்க வேண்டியது

அடையாறுல இருந்து ஈசிஆர்ல கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். முட்டுக்காடு தாண்டின உடனே ரெண்டு பக்கமும் தண்ணி தெரியும் பாருங்க, அங்கயே பாதி டென்ஷன் இறங்கிடும். காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பெரிய ரிசார்ட் எல்லாம் இல்ல. பன்னிரண்டு ரூம், ஒரு சின்ன நீச்சல் குளம், ஓலைக் கூரை போட்ட மசாஜ் அறை ரெண்டு, பின்பக்கம் கேட்டைத் திறந்தா மணல். இந்த மாதிரி இடங்கள் ஈசிஆர்ல கோவளத்துல இருந்து புதுச்சேரி வரைக்கும் நிறைய இருக்கு. ராத்திரி தங்காம, காலையில போய் சாயங்காலம் திரும்பற 'டே யூஸ்' வசதியும் பல இடத்துல உண்டு. வார நாள்னா கூட்டமும் கம்மி, ரேட்டும் கம்மி. உங்களுக்கு காம்ப் ஆஃப் இருந்தா அதை ஞாயிற்றுக்கிழமையோட ஒட்டி வீணாக்காம, புதன், வியாழன்ல எடுங்க.

போறதுக்கு முன்னாடி ஃபோன் பண்ணி இந்த நாலு கேள்வியைக் கேட்டுடுங்க.

1. வரி எல்லாம் சேர்த்து, கடைசியா கையில கொடுக்க வேண்டியது எவ்வளவு? போர்டுல இருக்கிற ரேட்டுக்குக் கீழ 'வரிகள் தனி'ன்னு சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க.

2. ரூம் கட்டாயமா? சில இடத்துல மசாஜ் மட்டும் எடுத்துட்டு, அங்கயே குளிச்சு, சாப்பிட்டுக் கிளம்பலாம். ரூம் வாடகை அப்படியே மிச்சம்.

3. மசாஜ் செய்யறவங்க பயிற்சி எடுத்தவங்களா? பெண்களுக்குப் பெண், ஆண்களுக்கு ஆண்தானா? இதைக் கேட்க கூச்சப்படவே வேண்டாம்.

4. கேன்சல் பண்ணா அட்வான்ஸ் திரும்ப வருமா?

அங்க போனதும் ஒரு ஃபார்ம் கொடுப்பாங்க. பிபி இருக்கா, அலர்ஜி இருக்கா, சமீபத்துல ஆபரேஷன் ஆச்சா, கர்ப்பமா இருக்கீங்களான்னு கேட்டிருக்கும். மறைக்காம எழுதுங்க. இந்த ஃபார்மே கொடுக்காத இடம்னா கொஞ்சம் யோசிங்க. அப்புறம், வயிறு நிறைய சாப்பிட்டுட்டுப் போய்ப் படுக்காதீங்க. நாங்க காலையில ரெண்டு இட்லியோட நிறுத்திட்டோம்.

நிமிஷத்துக்கு 40 ரூபாய்

ஒரு மணி நேர அப்யங்க மசாஜ், அதாவது உடம்பு முழுக்க எண்ணெய் தேய்ச்சு விடறது, ரூ.2,400. வெதுவெதுப்பான நல்லெண்ணெய் வாசனை, வெளியில அலைச் சத்தம், மங்கலான லைட். நான் என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன் தெரியுமா? 2,400ஐ 60ஆல வகுத்துக்கிட்டு இருந்தேன். நிமிஷத்துக்கு 40 ரூபாய். இப்ப தலைக்குப் பத்து நிமிஷம், அது 400 ரூபாய்…

மசாஜ் செஞ்ச அம்மா கேரளாக்காரங்க. நல்லா தமிழ் பேசினாங்க. பதினஞ்சு நிமிஷம் ஆனதும், "மேடம், தோளைக் கொஞ்சம் விடுங்க. நீங்களே இறுக்கிப் பிடிச்சு வெச்சிருக்கீங்க"ன்னாங்க. விட்டுட்டேன்னு நினைச்சேன். ரெண்டு நிமிஷத்துல மறுபடியும், "விடுங்க மேடம்."

மொத்தத்துல கடைசி இருபது நிமிஷம்தான் நான் உண்மையா படுத்திருந்தேன். தூங்கிட்டேன்னு நினைக்கிறேன். எழுந்தப்ப எங்க இருக்கேன்னே ஒரு நொடி புரியல. மூணு வருஷத்துல பகல் நேரத்துல நான் தூங்கினது அதுதான் முதல் தடவை.

ஒண்ணு சொல்லிடறேன். மசாஜ் வைத்தியம் இல்ல. ஒரு நாள் சுகமா இருந்தது, அவ்வளவுதான். தொடர்ந்து கழுத்துவலி, முதுகுவலி இருக்கிறவங்க முதல்ல டாக்டரைப் பாருங்க. சென்னையில இருக்கிறவங்களுக்கு அரும்பாக்கத்துல அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கு. அதை விட்டுட்டு வலிக்கு ஸ்பா பேக்கேஜா வாங்கிக்கிட்டு இருந்தா, வலியும் போகாது, காசும் நிக்காது.

பில்லைப் படிக்கக் கத்துக்கோங்க

ஸ்டீம், குளியல், கேரட் பொரியலோட மீன் குழம்புச் சாப்பாடு, ஊஞ்சல்ல ஒரு மணி நேரம். நாலரை மணிக்கு ரிசப்ஷனுக்கு வந்தோம். பில்லை நீட்டினாங்க. நம்ம தொழில் புத்தி சும்மா இருக்குமா? வாங்கி ஒவ்வொரு வரியா படிச்சேன்.

மசாஜ், ரெண்டு பேருக்கு: ரூ.4,800
ரூம், பகல் உபயோகம்: ரூ.3,000
மதிய சாப்பாடு: ரூ.1,640
சேவைக் கட்டணம் 10%: ரூ.944
ஜிஎஸ்டி 5%: ரூ.519.20
மொத்தம்: ரூ.10,903.20

இதுல ரெண்டு விஷயம் கவனிங்க.

முதல்ல ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22க்கு முன்னாடி ஸ்பா, சலூன், ஜிம் மாதிரி சேவைகளுக்கு 18% வரி. அந்தத் தேதியில இருந்து 5%. ஒரு நாளைக்கு ரூ.7,500 வரைக்கும் உள்ள ஹோட்டல் ரூமுக்கும் 12%ல இருந்து 5% ஆச்சு. ரூ.7,500க்கு மேல போனா ரூமுக்கு 18%. சாப்பாட்டுக்கு இந்த மாதிரி சின்ன ஹோட்டல்ல 5%. ஆனா முந்தின நிதியாண்டுல ஒரு ரூமையாவது ரூ.7,500க்கு மேல கொடுத்திருந்த ஹோட்டல்னா, அங்க இருக்கிற ரெஸ்டாரன்ட்டுக்கு 18%. அதனாலதான் பெரிய ரிசார்ட்ல அதே மீன் குழம்புக்கு பில் எகிறுது. எல்லாத்தையும் ஒரே பேக்கேஜா கட்டி வித்தா, வரி அந்த பேக்கேஜ் எப்படி அமைஞ்சிருக்குங்கறதைப் பொறுத்தது. உங்க வேலை ஒண்ணுதான்: பில்லுல எதுக்கு எத்தனை சதவீதம்னு பிரிச்சுக் காட்டச் சொல்லுங்க.

ரெண்டாவது, சேவைக் கட்டணம். இது அரசாங்க வரி இல்ல. ஹோட்டல் தானா சேர்க்கறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்னைக்கே, ஹோட்டலும் ரெஸ்டாரன்ட்டும் இதைத் தானா பில்லுல சேர்க்கக் கூடாதுன்னு வழிகாட்டுதல் போட்டது. 2025 மார்ச்ல டெல்லி உயர் நீதிமன்றமும் அந்த வழிகாட்டுதல் செல்லும்னு சொல்லிடுச்சு. "இதை எடுத்துடுங்க"ன்னு அமைதியா கேட்டேன். அந்தப் பையன் ஒரு வார்த்தை பேசாம எடுத்துட்டான். ரூ.944 மட்டும் இல்ல, அதுக்கு மேல போட்டிருந்த 5% ஜிஎஸ்டி ரூ.47.20ம் போச்சு. மொத்தம் ரூ.991.20 மிச்சம். எடுக்க மாட்டேன்னு சொன்னா, 1915ங்கற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கு.

மசாஜ் செஞ்ச அந்த அம்மாவுக்கு 200, தம்பிக்கு செஞ்சவருக்கு 200, கையிலயே கொடுத்தோம். கொடுக்கணும்னு தோணினா நேரா உழைச்சவங்க கைக்குக் கொடுங்க.

புது பில் ரூ.9,912. தம்பி பெருமையா கார்டை எடுத்து நீட்டினான்.

டிக்ளைன்

மெஷின் ஒரு சத்தம் போட்டது. ரிசப்ஷன் பையன், "சார், இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாமா?"ன்னான். போட்டான். மறுபடியும் அதே சத்தம். "சார், வேற கார்டு இருக்கா?"

தம்பி முகத்தை நான் பார்க்கல. பார்த்தா அவனுக்கு இன்னும் கஷ்டமா இருக்கும்னு தெரியும். ஃபோனை எடுத்து, "நெட்வொர்க் சரியில்ல போல, நான் அனுப்பிடறேன்"னு யுபிஐல கட்டிட்டேன். ரிசப்ஷன் பையனும் நல்லவன், "ஆமா மேடம், இங்க சிக்னல் அப்படித்தான்"னு ஒத்து ஊதினான்.

வண்டியை எடுக்காம பின்பக்கக் கேட் வழியா மணல்ல போய் உட்கார்ந்தோம். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் அவனே ஃபோனைத் திறந்து ஸ்டேட்மென்ட்டைக் காட்டினான்.

லிமிட் ரூ.65,000. போன மாசம் பாக்கி ரூ.60,000. அவன் கட்டினது ரூ.5,000. அவன் மனசுல இருந்த கணக்கு: 60,000ல 5,000 போனா 55,000, அப்போ லிமிட்டுல 10,000 காலியா இருக்கும். ஃபோன்ல ஹோட்டல்காரங்க வரியோட சேர்த்துச் சொன்ன தொகை ரூ.9,912. சரியா உள்ள அடங்கிடும்!

அவன் விட்டது வட்டி. மாசம் 3.5%, ரூ.60,000க்கு ரூ.2,100. அந்த வட்டிக்கு மேல 18% ஜிஎஸ்டி ரூ.378. மொத்தம் ரூ.2,478. ஸ்பாவுக்கு 5% ஆன ஜிஎஸ்டி, கார்டு வட்டிக்கு இன்னும் 18%தான். ரெண்டு நாளைக்கு முன்னாடி வந்த ஸ்டேட்மென்ட்டுல இது ஏறிடுச்சு. ஆக அவன் கட்டின 5,000ல கிட்டத்தட்ட பாதியை வட்டியே சாப்பிட்டாச்சு. காலியா இருந்தது ரூ.7,522தான்.

"எதுக்குடா இவ்வளவு ஆச்சு?"ன்னு கேட்டேன். திட்டற குரல்ல கேட்கல. அந்தக் குரல் வராம இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"பெருசா ஒண்ணும் இல்லக்கா. ஒரு ஃபோன். கொடைக்கானல் ஒரு தடவை, கோவா ஒரு தடவை. ப்ராஜெக்ட் டென்ஷன்ல இருந்தேன், எங்கயாவது போகணும் போல இருந்தது. திரும்பி வந்தா பில்லைப் பார்த்து டென்ஷன். அப்புறம் மினிமம் கட்டிக்கிட்டே வந்தேன்."

அவன் மாதிரி எத்தனை பேரை நான் பார்த்திருக்கேன்! டென்ஷன் குறையணும்னு செலவு, செலவால மறுபடி டென்ஷன். கடன்ல வாங்கின ஓய்வு உங்களுக்கு ரெண்டு நாள்தான் கிடைக்கும். மிச்சம் எல்லாம் வங்கிக்கு.

அன்னைக்கு அந்தக் கார்டு டிக்ளைன் ஆகாம போயிருந்தா என்ன ஆகியிருக்கும்? முழு பாக்கியைக் கட்டாதவங்களுக்கு புதுச் செலவுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. தேய்ச்ச அன்னைக்கே வட்டி ஆரம்பிச்சுடும். ரூ.9,912க்கு வட்டியும் ஜிஎஸ்டியும் சேர்த்து மாசம் 4.13%, அதாவது ரூ.409. ஆறு மாசம் அப்படியே விட்டா சுமார் ரூ.2,450. இன்னொரு ஆளுக்கு மசாஜே செஞ்சு விட்டிருக்கலாம்.

அவன் கேட்ட ஒரு கேள்வி

நான் உடனே, "மொத்தத்தையும் நான் கட்டிடறேன், எஃப்டி இருக்கு"ன்னேன். அவனுக்குக் கோபம் வந்துடுச்சு.

"காலேஜ் ஃபீஸும் நீதான் கட்டின. ஹாஸ்டலும் நீதான் கட்டின. ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் உனக்கு செலவு பண்ணலாம்னு பார்த்தா அதையும் நீயே கட்டிட்ட. இதையும் நீயே கட்டினா நான் எப்பக்கா பெரியவனாவேன்?"

கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு கேட்டான். "சரி, நீதான் கணக்குல புலியாச்சே. உனக்குன்னு வருஷத்துக்கு எவ்வளவு எடுத்து வெச்சிருக்க?"

பதில் இல்ல என்கிட்ட. என் பட்ஜெட் எக்ஸெல் ஷீட்ல 23 வரி இருக்கு. வீட்டுக்கடன், எஸ்ஐபி, டேர்ம் இன்ஷூரன்ஸ், ஹெல்த் இன்ஷூரன்ஸ், அம்மா மருந்து, கார் சர்வீஸ், எமர்ஜென்சி ஃபண்ட் எட்டு மாசத்துக்கு. எல்லாம் பக்கா. 'ஓய்வு'ன்னு ஒரு வரி இல்ல. அதனாலதான் மசாஜ் டேபிள்ல படுத்துக்கிட்டு நிமிஷத்துக்கு 40 ரூபாய் கணக்குப் போட்டேன். ஒதுக்கி வெச்ச காசா இருந்திருந்தா அந்த ஒரு மணி நேரமும் எனக்குக் கிடைச்சிருக்கும். கட்டின காசுல பாதிக்கு மேல நானே வீணாக்கிட்டேன்.

அவன் தப்பு, பிளான் இல்லாம செலவு பண்ணது. என் தப்பு, ஓய்வை பிளான்லயே சேர்க்காதது. சேமிக்கச் சொல்லி உங்களுக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன். ஓய்வுக்கு எடுத்து வைங்கன்னு ஒரு தடவைகூட சொன்னதில்ல. அதை இன்னைக்கு சரி பண்றேன்.

அன்னைக்கு மணல்ல போட்ட திட்டம்

முதல்ல கடன். கார்டு பாக்கி சுமார் ரூ.57,500. அவன் சம்பளக் கணக்கு இருக்கிற வங்கியிலயே 14% வட்டிக்கு பர்சனல் லோன் ஆஃபர் இருந்தது. பன்னிரண்டு மாசம், இஎம்ஐ ரூ.5,163. ப்ராசஸிங் கட்டணம் தனி. மொத்த வட்டி சுமார் ரூ.4,450. அதே ரூ.5,163ஐ மாசாமாசம் கார்டுக்கே கட்டியிருந்தா முடிய 15 மாசத்துக்கு மேல ஆகியிருக்கும், வட்டியும் ஜிஎஸ்டியும் சுமார் ரூ.21,000. ரெண்டுக்கும் வித்தியாசம் ரூ.16,000க்கு மேல.

லோன் வாங்கிக் கார்டை அடைக்கறதுல ஒரு பெரிய ஆபத்து இருக்கு. கார்டு காலியானதும் மறுபடி தேய்ச்சா, லோனும் இருக்கும், கார்டு பாக்கியும் இருக்கும். அதனால அவனே ஆப்ல லிமிட்டை ரூ.20,000க்குக் குறைச்சுட்டான். மாசாமாசம் முழு பாக்கியும் தானா கழியற மாதிரி ஆட்டோ டெபிட்டும் போட்டுட்டான்.

நான் எஃப்டியை உடைக்கல. அவனும் கேட்கல. இது உங்க வீட்டுலயும் நடக்கலாம், அதனால சொல்றேன்: தம்பி, தங்கச்சி கடன்ல இருந்தா உடனே அடைச்சு விடறது பாசம் மாதிரி தெரியும். சில நேரம் பக்கத்துல உட்கார்ந்து ஸ்டேட்மென்ட்டைச் சேர்ந்து படிக்கறதுதான் அவங்களுக்கு உதவி.

உங்க ஓய்வு நிதி: எப்படிப் போடறது?

எங்க பில்லையே எடுத்துக்குவோம். ஒருத்தர் பங்கு ரூ.4,956. பெட்ரோல், டோல், டிப்ஸ் எல்லாம் சேர்த்தா ஒரு ஆளுக்கு சுமார் ரூ.5,600. வருஷத்துக்கு ரெண்டு தடவைன்னா ரூ.11,200. மாசத்துக்கு வகுத்தா ரூ.933. ஆக மாசம் ரூ.1,000 எடுத்து வெச்சா வருஷத்துக்கு ரெண்டு நாள் ராஜா மாதிரி போயிட்டு வரலாம். ஒரு தடவை போதும்னா ரூ.500.

செய்ய வேண்டியது இதுதான்.

ஒண்ணு: சம்பளம் வர்ற அடுத்த நாளே கழியற மாதிரி ஒரு ஆர்டி போடுங்க. பேரு 'ஓய்வு'ன்னு வைங்க. ஆறு மாசத்துல எடுக்கப் போற காசு, அதனால இதை ஷேர் மார்க்கெட் பக்கம் கொண்டு போகாதீங்க.

ரெண்டு: காசு சேர்ந்த அப்புறம்தான் புக்கிங். 'நோ காஸ்ட் இஎம்ஐ'ல ஓய்வு எடுக்காதீங்க. எண்ணெய் வாசனை ரெண்டு நாள்ல போயிடும், இஎம்ஐ ஆறு மாசம் நிக்கும்.

மூணு: கார்டுல பாக்கி உருண்டுக்கிட்டு இருந்தா, முதல்ல அதை நிறுத்துங்க. வருஷத்துக்கு 42% வட்டி கட்டிக்கிட்டே ஸ்பாவுக்குப் போறது, ஓட்டை வாளியில தண்ணி பிடிக்கற கதை. அதுக்காக அதுவரைக்கும் ஓய்வே கூடாதுன்னு இல்ல. கோவளம் கடற்கரைக்கு 2021லயே 'ப்ளூ ஃப்ளாக்' சான்றிதழ் கிடைச்சிருக்கு, சுத்தமா இருக்கும். காலையில ஈசிஆர் பஸ் ஏறுங்க, கட்டுச்சோறு எடுத்துக்கோங்க, ஃபோனை பையில போடுங்க, மத்தியானம் திரும்புங்க. ஒருத்தருக்கு 200, 300 ரூபாய்க்குள்ள முடிஞ்சுடும். கடல் ஒண்ணுதான், பார்க்கறதுக்கு கட்டணம் இல்ல. நம்ம கிழக்குக் கடற்கரையில இழுப்பு அதிகம், அதனால ஆழத்துக்கு மட்டும் போகாதீங்க.

நாலு: ஸ்பா நாளையும் சிக்கனமா பண்ணலாம். ரூம் எடுக்காம இருந்திருந்தா எங்களுக்கு வரியோட ரூ.3,150 குறைஞ்சிருக்கும். உண்மையைச் சொல்லணும்னா அந்த ரூம்ல நாங்க பையை மட்டும்தான் வெச்சிருந்தோம்.

அஞ்சு: வரிச் சலுகை ஏதாவது கிடைக்குமான்னு நிறைய பேர் கேட்பீங்க. கிடைக்காது. எல்டிஏ பயணக் கட்டணத்துக்குத்தான், மசாஜுக்கு இல்ல. ஹெல்த் செக்கப் கழிவுலயும் இது வராது. கம்பெனி 'வெல்னஸ் அலவன்ஸ்'னு காசா கொடுத்தா அதுவும் சம்பளம்தான், வரி உண்டு. நான் சிஏதான், ஆனா என்னாலயும் இதைத் தொழில் செலவா எழுத முடியாது. இது சொந்த செலவு. சொந்த செலவுன்னு ஒத்துக்கிட்டு சந்தோஷமா பண்ணுங்க.

கடைசியா

திரும்பி வர்றப்ப இருட்டிடுச்சு. டோல் கேட்ல தம்பி என் கையைத் தள்ளிவிட்டு, தன் பர்ஸ்ல இருந்து காசை எடுத்து நீட்டினான். என் வண்டியில ஃபாஸ்டேக் இருக்குன்னு அவனுக்கு மறந்து போச்சு. ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம். வழியில டீக்கடையில நிறுத்தி, ரெண்டு டீ, ரெண்டு வடை. அதை அவன்தான் கட்டினான், ரொக்கமா. நான் தடுக்கல. அந்த டீயைக் குடிக்கறப்ப விலை என்னன்னு நான் பார்க்கவே இல்லங்கறது வீட்டுக்கு வந்த அப்புறம்தான் எனக்குத் தோணுச்சு.

இப்ப என் எக்ஸெல் ஷீட்ல 24 வரி. தம்பிக்கு லோன் இஎம்ஐ போயிட்டு இருக்கு. கூடவே மாசம் ரூ.500க்கு ஒரு ஆர்டியும் போட்டிருக்கான். பேரு என்னன்னு கேட்டதுக்கு, 'அக்கா ஸ்பா'ன்னான். அடுத்த வருஷம் ரூம் எடுக்காம போறதா முடிவு.

நீங்க இன்னைக்கு ரெண்டு விஷயம் பண்ணுங்க. உங்க கார்டு ஸ்டேட்மென்ட்டைத் திறந்து, போன மாசம் வட்டின்னு எவ்வளவு போச்சுன்னு பாருங்க. அப்புறம் உங்க பட்ஜெட்டைத் திறந்து, ஓய்வுக்குன்னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க. முதல் எண் பூஜ்யமா இருக்கணும். ரெண்டாவது பூஜ்யமா இருக்கக் கூடாது.

உங்க ஓய்வு நிதிக்கு என்ன பேர் வெச்சீங்கன்னு கமெண்ட்ல சொல்லுங்க. கார்டு பாக்கியை லோனா மாத்தறப்ப என்னென்ன பார்க்கணும்னு அடுத்த வீடியோவுல விளக்கமா சொல்றேன். அதுவரைக்கும், தோளைக் கொஞ்சம் விடுங்க.